கராச்சியிலிருந்து டாக்காவுக்கு எத்தனை மைல்?

1971ஆம் ஆண்டு மார்ச் மாதம் 25ஆந் திகதி மாலை, பாகிஸ்தான் ஜனாதிபதி ஜெனரல் யாஹ்யா கான் டாக்கா நகரிலிருந்து ஓசைப்படாமல் விமானமேறினார். பேச்சுவார்த்தை முறிந்துவிட்டதென்று அவர் எவருக்கும் அறிவிக்கவில்லை. வங்காளத் தலைவர்கள் மறுநாள் என்ன செய்தி வருமோ என்று காத்திருந்தனர். டாக்காப் பாசறையிலிருந்த தளபதிகள் காத்திருந்ததோ வேறொன்றுக்கு. ஜனாதிபதியின் விமானம் கராச்சியில் இறங்கவேண்டும். அதன் பின்னரே துப்பாக்கி வெடிக்கவேண்டும். அவ்விமானம் இந்திய மண்ணுக்கு மேலாகப் பறக்க இயலாது. இலங்கையைச் சுற்றிக்கொண்டே போகவேண்டும். அதற்குப் பிடிக்கும் நேரத்தைக் கணக்கிட்டு, நள்ளிரவு கடந்து ஒரு மணி என்று குறித்தார்கள். அந்நாளில் டாக்காவிலே இராணுவத்தின் மக்கள் தொடர்பு அதிகாரியாயிருந்த சித்திக் சாலிக், 1977இல் வெளிவந்த தமது நூலில் இதனை எழுதிவைத்திருக்கிறார். துருப்புக்கள் அந்த ஒரு மணிவரைகூடப் பொறுக்கவில்லை. நள்ளிரவுக்கு முன்னரே தெருவில் இறங்கிவிட்டன.

ஒரு விமானத்தின் பயண நேரம் ஒரு நகரத்தின் படுகொலைக்கு நாழிகை குறித்த கதை இது. ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்ட இக்கதையை இன்று ஏன் எடுத்துரைக்கிறேன் என்பதற்குக் காரணம் உண்டு.

அண்மையில் அரசியலமைப்புப் பற்றிய கலந்துரையாடல் ஒன்றுக்குச் சென்றிருந்தேன். தென்னிலங்கையைச் சேர்ந்த நண்பர் ஒருவர், சட்டத்துறையில் என்னிலும் மூத்தவர், எழுந்து பேசினார். பாகிஸ்தான் உடைந்தது தூரத்தினாலே என்றார். இரு பாகங்களுக்கும் இடையே ஆயிரம் மைல் அந்நிய நிலம் கிடந்தது. அப்படிப்பட்ட ஒரு நாட்டில் சமஷ்டி கேட்டதிலே நியாயம் உண்டு. காலையிற் புறப்பட்டால் மாலைக்குள் எந்த மூலையையும் அடைந்துவிடக்கூடிய இச்சிறு தீவுக்குச் சமஷ்டி எதற்கு என்று கேட்டார். சபையிற் பலர் தலையசைத்தனர். தமிழர் சிலரும் தலையசைத்தனர். அதுவே என்னை எழுதத் தூண்டிற்று.

இவ்வாதம் புதியதன்று. 1949 டிசம்பர் 18இல் தமிழரசுக் கட்சி தோன்றிய நாள் முதலாகவே, "தீவு சிறியது" என்ற இரண்டு சொற்களால் எமது கோரிக்கையைத் தட்டிக்கழித்து வந்திருக்கிறார்கள். எனவே நண்பர் சுட்டிக்காட்டிய தூரத்தையே எடுத்துக்கொள்வோம். அதனை அளந்து பார்ப்போம்.

கராச்சிக்கும் டாக்காவுக்கும் இடையே வான்வழியில் நேர்கோட்டுத் தூரம் ஏறத்தாழ 2,350 கிலோமீற்றர். அதாவது 1,460 மைல். மேற்குப் பாகிஸ்தானின் கீழ்க்கரைக்கும் கிழக்குப் பாகிஸ்தானின் மேற்கரைக்கும் இடையிலிருந்த இந்திய நிலத்தையே ஆயிரம் மைல் என்று பொதுவாகச் சொல்லி வந்தார்கள். மணிக்கு 850 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் ஜெற் விமானம் இத்தூரத்தை மூன்று மணித்தியாலத்துக்குள் கடந்துவிடும். அறுபதுகளில் பாகிஸ்தான் சர்வதேச விமான சேவை போயிங் விமானங்களை வாங்கிய பின்னர், காலை ஆகாரத்தைக் கராச்சியிலும் மதிய உணவை டாக்காவிலும் கொள்வது ஒரு பெரிய உத்தியோகத்தனுக்கு அரிய காரியமாயிருக்கவில்லை. அக்காலத்திலே யாழ்தேவி ரெயிலிற் கொழும்புக்கு வந்த எங்கள் பெரியோர்கள் அதனிலும் கூடிய நேரத்தை வண்டியிற் கழித்தார்கள்.

ஆகவே 1971ஆம் ஆண்டு பிறந்தபோது, கராச்சியும் டாக்காவும் மூன்று மணித்தியால அயலூர்களே. அவற்றைத் தூரமாக்கியது இயற்கையன்று, சட்டம்.

ஆகாயம் எவருக்கும் உரியதன்று என்று கவிகள் பாடலாம். சட்டம் அப்படிச் சொல்வதில்லை. 1944 டிசம்பர் 7இல் சிக்காகோ நகரிற் கையெழுத்திடப்பட்ட சர்வதேச குடிசார் வான்பயண உடன்படிக்கையின் முதலாம் உறுப்புரை, ஒவ்வொரு அரசுக்கும் தன் நிலப்பரப்பின் மேலுள்ள வான்வெளியில் முழுமையான, தனிப்பட்ட இறைமை உண்டென்று விதிக்கிறது. ஒரு நாட்டுக்கு மேலாகப் பறந்து செல்வது அந்நாடு வழங்கும் சலுகை; பிறப்புரிமையன்று. அதே மாநாட்டில் எழுதப்பட்ட இடைவழி உடன்படிக்கை, அதில் ஒப்பமிட்ட நாடுகள் ஒன்றுக்கொன்று இரண்டு சுதந்திரங்களை வழங்க வழிசெய்தது: இறங்காமற் கடந்து செல்லல், பயணிகளை ஏற்றவோ இறக்கவோ அன்றி, எண்ணெய் நிரப்புதல் போன்ற தேவைகளுக்காக இறங்கல். இந்தியாவும் பாகிஸ்தானும் இரண்டு ஆவணங்களிலும் பங்காளிகள். இவற்றின் பலத்திலேதான் பாகிஸ்தானின் இரு சிறகுகளும் ஆகாயத்தில் இணைந்திருந்தன. 1965ஆம் ஆண்டு யுத்தத்தில் அறுந்த அந்த இழை, 1966இல் மீண்டும் முடிச்சிடப்பட்டது.

1971 ஜனவரி 30இல் ஸ்ரீநகரிலிருந்து ஜம்மு சென்ற "கங்கா" என்னும் இந்தியப் பயணிகள் விமானத்தை இருவர் லாகூருக்குக் கடத்திச் சென்றனர். பயணிகள் உயிர்தப்பினர்; விமானம் அங்கேயே கொளுத்தப்பட்டது. அக்கடத்தல் இந்தியா தானே ஆடிய நாடகம் என்று பாகிஸ்தான் நியமித்த விசாரணைக் குழு பின்னர் முடிவு கூறிற்று. அந்த வழக்கை இங்கே விசாரிக்க இடமில்லை. பலனே நமக்கு வேண்டியது. பெப்ரவரி 4ஆந் திகதி இந்தியா தனது வான்வெளியைப் பாகிஸ்தான் விமானங்களுக்கு மூடியது.

அன்று முதல் கராச்சியிலிருந்து டாக்கா செல்லும் விமானம் அரபிக் கடலில் இறங்கி, இந்தியாவின் மேற்குக் கரையோரம் ஒதுங்கித் தெற்கே வந்து, குமரி முனையைச் சுற்றிக் கட்டுநாயக்காவில் எண்ணெய் நிரப்பி, வங்காள விரிகுடா வழியாக வடக்கே ஏறவேண்டியதாயிற்று. நேர்கோடுகளாகக் கூட்டினாலும் இது 4,550 கிலோமீற்றர். இந்திய நிலத்தைத் தொடாமற் சுற்றும் வளைவையுஞ் சேர்த்தால் அதற்கும் மேல். தூரம் இருமடங்காயிற்று. பறக்கும் நேரம் ஐந்தரை மணித்தியாலமாக, எண்ணெய் நிரப்பும் தரிப்பையும் கூட்ட ஆறு மணித்தியாலத்தைக் கடந்தது. உலகப் படத்தில் ஒரு நாட்டின் தலைநகர் எங்கிருக்கிறதென்று தெரியாத ஒரு விமானியும், அந்நாட்டின் இரு பாகங்களுக்கும் நடுவே இலங்கை கிடக்கிறதென்று சொல்லியிருப்பான்!

கட்டுநாயக்காவில் நடந்தது

இவ்விடத்தில் எங்கள் நாட்டின் பங்கைப் பற்றிச் சொல்லாமல் அப்பாற்செல்ல முடியாது. கட்டுநாயக்கா விமானத்தளம் 1957 வரை பிரித்தானிய விமானப்படையிடம் இருந்தது. அந்நியன் யுத்தத்துக்கு எங்கள் மண் ஏணியாகக் கூடாது, நாங்கள் அணிசேரா நாடு என்று கூறித் திரு. பண்டாரநாயக்கா அதனை மீட்டார். அதற்காக அவரை மெச்சத்தான் வேண்டும். 1970இல் அந்நிலையத்துக்கு அவருடைய பெயரே சூட்டப்பட்டது. மறு ஆண்டு, அவருடைய மனைவியார் பிரதம மந்திரியாயிருக்கையில், அதே ஓடுபாதையில் இறங்கி எண்ணெய் நிரப்பிக்கொண்டு, மேற்குப் பாகிஸ்தானியச் சிப்பாய்கள் வங்காளிகளைச் சுடப் பறந்து சென்றார்கள். பலர் படையுடை அணிந்திருக்கவில்லை. சாதாரண பயணிகளைப்போல உடுத்தியிருந்தார்கள்.

இதற்குச் சொல்லக்கூடிய சட்ட நியாயம் ஒன்று உண்டு. வந்தவை குடிசார் விமான சேவையின் விமானங்கள். இலங்கை சிக்காகோ உடன்படிக்கைகளில் ஒப்பமிட்ட நாடு. எண்ணெய் நிரப்ப இறங்கும் விமானத்தை மறுக்க அதற்கு உரிமையில்லை என்பதே அந்நியாயம். கேட்பதற்கு நன்றாயிருக்கிறது. ஆனால் அதே உடன்படிக்கையின் மூன்றாம் உறுப்புரையைப் படித்தவர் எவரும் இதனை வாய்திறந்து சொல்லமாட்டார். இராணுவ, சுங்க, பொலிஸ் சேவைகளிற் பயன்படுத்தப்படும் விமானம் அரச விமானமாகக் கருதப்படும் என்கிறது அவ்வுறுப்புரை. விசேட அனுமதியின்றி அது இன்னொரு நாட்டின் மேற் பறக்கவோ அங்கே இறங்கவோ ஆகாது. விமானத்தின் வாலில் எந்தச் சேவையின் பெயர் தீட்டப்பட்டிருக்கிறது என்பதைச் சட்டம் கேட்கவில்லை. அது எந்தச் சேவையிற் பயன்படுகிறது என்பதையே கேட்கிறது. ஆசனங்களில் ஒரு பட்டாளம் அமர்ந்திருக்குமானால், பணிப்பெண் தேநீர் பரிமாறினாலும் அது படைவிமானமே. யுத்தத் தளபாடங்களை ஏற்றிச்செல்ல அனுமதி வேண்டும் என்று முப்பத்தைந்தாம் உறுப்புரை வேறு சொல்கிறது. ஆகவே மறுக்க உரிமையில்லை என்பது உண்மையன்று. உரிமை இருந்தது, மனம் இருக்கவில்லை.

நியாயமாகப் பேசுவதென்றால், அவ்வரசாங்கத்துக்கிருந்த நெருக்கடியையும் கூறவேண்டும். 1971 ஏப்ரில் 5இல் தென்னிலங்கை இளைஞர் கிளர்ச்சி வெடித்தது. அரசாங்கம் உலகெங்கும் உதவி கேட்டது. இந்தியாவும் ஹெலிகொப்டர் அனுப்பியது. பாகிஸ்தானும் ஹெலிகொப்டர் அனுப்பியது. இரு வீட்டிலும் கடன்பட்டவன் எந்த வீட்டு வாசலைச் சாத்துவான்? எனினும் கிளர்ச்சி வெடித்தது ஏப்ரிலில். பாகிஸ்தான் படைகள் கட்டுநாயக்கா வழியாக வரத் தொடங்கியது அதற்கு முன்னரே. ஏப்ரில் மாதத்து நெருக்கடி மார்ச் மாதத்துச் செயலுக்குச் சமாதானமாகாது.

எவருக்குத் தூரம்?

இனி நண்பரின் வாதத்துக்கு வருவோம். தூரம் ஆட்சியைத் தடுத்தது என்பது மெய்யாயின், தூரம் கூடியபோது ஆட்சியின் கை குறுகியிருக்கவேண்டும். தூரம் குறைந்திருந்தபோது நீண்டிருக்கவேண்டும். நடந்ததோ தலைகீழ்.

1970 நவம்பர் 12 இரவு, வங்காள விரிகுடாவில் எழுந்த சூறாவளி கிழக்குப் பாகிஸ்தானின் கரையோரத்தையும் கங்கை முகத்துத் தீவுகளையும் வாரிக்கொண்டு போயிற்று. மாண்டவர் மூன்று இலட்சத்துக்குக் குறையார் என்பது பொதுக் கணிப்பு. அந்த நவம்பரில் இந்திய வான்வெளி பாகிஸ்தானுக்குத் திறந்தேயிருந்தது. கராச்சியிலிருந்து டாக்கா மூன்று மணித்தியாலம். அப்படியிருந்தும் மேற்கிலிருந்து உதவி தாமதித்தே வந்தது. சீனாவிலிருந்து திரும்பும் வழியில் டாக்காவில் இறங்கிய யாஹ்யா கான், அழிந்த பிரதேசத்தை வானத்திலிருந்து பார்த்துவிட்டு மேற்கே போய்விட்டார். மேற்கிலிருந்த ஹெலிகொப்டர்கள் ஏன் வரவில்லை என்று கேட்டபோது, இந்தியா வழிவிட மறுத்தது என்றார்கள். அப்படி மறுக்கவில்லை என்றது இந்தியா. இந்த வாக்குவாதம் நடந்துகொண்டிருக்கையில் அமெரிக்க ஹெலிகொப்டர்களும் பிரித்தானியக் கப்பல்களும் வந்து சேர்ந்தன. உலகத்தின் மறுபுறத்திலிருப்பவனுக்குக் கிட்டியதாயிருந்த டாக்கா, சொந்த அரசாங்கத்துக்கு எட்டாத தொலைவிலிருந்தது.

நான்கு மாதங் கழிந்தது. வானம் மூடிக்கிடந்தது. தூரம் இருமடங்கு. இப்போது அதே அரசாங்கம், இரண்டு காலாட்படைப் பிரிவுகளின் வீரர்களைக் கனரக ஆயுதங்களை விட்டுவிட்டு, விமானம் விமானமாக, இலங்கையைச் சுற்றிக் கிழக்கே கொண்டுபோய்ச் சேர்த்தது. தாமதமில்லை, ஹெலிகொப்டர் பற்றிய வாக்குவாதமில்லை, பணத்தட்டுப்பாடில்லை. வெள்ளத்தில் மிதந்தவனுக்கு அரிசி கொண்டுபோக 2,350 கிலோமீற்றர் தூரமாயிருந்தது. அவனைச் சுடத் துப்பாக்கி கொண்டுபோக 4,600 கிலோமீற்றர் தூரமாயிருக்கவில்லை!

இடையிலே நடந்ததையும் கவனியுங்கள். 1970 டிசம்பர் 7இல் நடந்த பொதுத் தேர்தலில், கிழக்கில் நேரடியாகத் தெரிவாகவிருந்த 162 ஸ்தானங்களில் 160ஐ அவாமி லீக் வென்றது. பெண்களுக்கு ஒதுக்கிய ஸ்தானங்களையுஞ் சேர்த்தால் 313 பேர் கொண்ட சபையில் அதற்கு 167 பேர், தனிப் பெரும்பான்மை. சபை 1971 மார்ச் 3இல் டாக்காவிற் கூடவேண்டும். மேற்கில் வென்ற சுல்பிகார் அலி பூட்டோ, தம் பகுதியிலிருந்து டாக்காவுக்குப் போகத் துணியும் அங்கத்தவர் ஒருவழிச் சீட்டுடன் போகட்டும் என்று மிரட்டினார். மார்ச் முதலாந் திகதி யாஹ்யா கான் சபையை ஒத்திவைத்தார். அங்கத்தவர்களுக்குக் கொழும்பு வழி மிக நீண்டதாகப் பட்டது. அவர்கள் ஏறாத ஆசனங்களிலேதான் மூன்று கிழமைக்குள் சிப்பாய்கள் அமர்ந்து சென்றார்கள்.

ஆதலால் தூரம் என்பது யாரை அனுப்புவது, எதற்கு அனுப்புவது என்ற கேள்வியோடு நீண்டு குறுகும் பொருள் என்று தெரிகிறதல்லவா? 1947 முதல் வங்காளி சொல்லி வந்ததும் இதுவே. நாட்டின் சனத்தொகையிற் பாதிக்கு மேற்பட்டவன் அவன். தலைநகர் கராச்சியில், படைத் தலைமையகம் ராவல்பிண்டியில், பின்னர் எழுந்த புதிய தலைநகர் இஸ்லாமாபாத்தும் அங்கேயே. 1948 மார்ச் மாதத்தில், நாடு பிறந்து ஏழு மாதத்தின் பின், முகம்மது அலி ஜின்னா முதன்முறையாகத் தேசாதிபதி என்ற நிலையில் டாக்காவுக்கு வந்தார். அத்தனை தூரம் வந்தவர் 21ஆந் திகதி மைதானத்திற் கூடியிருந்த வங்காளிகளிடம் சொன்ன செய்தி என்ன? உருது ஒன்றே பாகிஸ்தானின் அரச மொழி என்பது. அவர் அதன் பின் அங்கே வரவில்லை, அவ்வாண்டே காலமானார். அச்செய்திக்குப் பதில், 1952 பெப்ரவரி 21இல் டாக்காத் தெருக்களிற் சுடப்பட்ட மாணவரின் இரத்தத்தில் எழுதப்பட்டது.

பாகிஸ்தான் அந்தப் பிழையை உணர்ந்தது என்பதைச் சொல்லியாகவேண்டும். 1956 மார்ச் 23இல் நடைமுறைக்கு வந்த அதன் அரசியலமைப்பின் 214ஆம் உறுப்புரை, உருதுவையும் வங்காளத்தையும் அரச மொழிகளாக ஏற்றது. அதே 1956ஆம் ஆண்டை எந்தத் தமிழன் மறப்பான்? யூன் 5இல் காலிமுகத்திடலில் எமது சத்தியாக்கிரகிகள் அடிபட்டார்கள். யூலை 7இல் 33ஆம் இலக்கச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. சிங்களம் ஒன்றே அரச மொழியாயிற்று. ஆயிரம் மைல் அப்பாலிருந்த குடிமகனின் மொழியைக் கராச்சி ஏற்றுக்கொண்ட ஆண்டிலே, முந்நூறு கிலோமீற்றர் அப்பாலிருந்த குடிமகனின் மொழியைக் கொழும்பு தள்ளிவைத்தது. தமிழும் அரச கரும மொழியாகும் என்ற வாசகம் எங்கள் அரசியலமைப்பில் ஏற 1987 வரை செல்லவேண்டியிருந்தது. அதுவும் எப்படிப்பட்ட ஆண்டுகளைக் கடந்து வந்த வாசகம் என்பதை இவ்வேட்டின் வாசகருக்கு நான் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

அப்படியானால், மொழியை ஏற்றபின்னும் பாகிஸ்தான் ஏன் பிளந்தது என்று நண்பர் கேட்கக்கூடும். நல்ல கேள்வி. மொழியைத் தாளில் ஏற்றார்கள், அதிகாரத்தைக் கைவிடவில்லை. 1958 அக்டோபர் 7இல் அத்தாளையே கிழித்து இராணுவ ஆட்சியைப் பிரகடனஞ் செய்தார்கள். 1966இல் ஷேக் முஜிபுர் ரஹ்மான் ஆறு அம்சக் கோரிக்கையை முன்வைத்தபோது, அதில் முதலாவது அம்சம் சமஷ்டி. பிரிவினை அதில் இல்லை. பாதுகாப்பும் வெளிநாட்டு விவகாரமும் மத்திக்கு, மற்றவை மாகாணங்களுக்கு, கிழக்கு ஈட்டும் அந்நியச் செலாவணிக்குத் தனிக் கணக்கு, கிழக்குக்கென ஒரு காவற்படை. இதனைத் துரோகம் என்றார்கள். சமஷ்டி என்ற சொல்லைக் கேட்டதும் துரோகம் என்று பதிலளிக்கும் வழக்கம் உருது பேசுவோருக்கு மாத்திரம் உரியதன்று.

தொலைவு கூடிய நாடும் கிட்டிய மலையும்

பேர்த் நகரத்துக்கும் கன்பராவுக்கும் இடையே வான்வழித் தூரம் 3,000 கிலோமீற்றருக்கு மேல். கராச்சி, டாக்காவைவிட அதிகம். இடையிற் கிடப்பது அந்நிய நாடன்று என்றாலும், பெரும்பகுதி மனிதரற்ற பாலை. 1933 ஏப்ரில் 8இல் மேற்கு அவுஸ்திரேலிய மக்கள் பிரிந்துபோவதா என்று வாக்களித்தார்கள். மூன்றில் இரு பங்கினர் பிரிவோம் என்றார்கள்! கன்பரா என்ன செய்தது? பட்டாளத்தை ரெயிலேற்றவில்லை. பின்தங்கிய மாநிலங்களின் பணக்குறையை ஆராய்ந்து உதவ, அவ்வாண்டிலேயே நிதிநல்கை ஆணைக்குழு ஒன்றை நிறுவியது. பிரிவினை மனுவுடன் லண்டன் சென்றவர்களுக்குப் பிரித்தானியப் பாராளுமன்றக் குழு 1935இல் கதவைச் சாத்தியது; ஊர் திரும்பினார்கள். மேற்கு அவுஸ்திரேலியா சமஷ்டியின் ஓர் அங்கமாக இன்றும் இருக்கிறது. அங்கேயும் ஆதிக்குடிகளை எவரும் வாக்குக் கேட்கவில்லை என்பது வேறு கதை. அவுஸ்திரேலியாவை நான் கோயிலாக்கவில்லை. தூரத்தைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

மறுபுறம் பாருங்கள். தூரத்தின் கொடுமையை அனுபவித்து விடுதலை பெற்ற வங்காளதேசமே, டாக்காவிலிருந்து 220 கிலோமீற்றர் அளவிலுள்ள ரங்கமாட்டியை எப்படி நடத்திற்று? சிட்டகொங் மலைநாட்டுப் பிரதிநிதி மானபேந்திர நாராயண் லர்மா, 1972இல் அரசியல் நிர்ணய சபையில் எழுந்து, நாங்கள் வங்காளியரல்லர் என்றார். எல்லோரும் வங்காளியரே என்று எழுதி முடித்தார்கள். மலைகளில் ஆயுதப் போராட்டம் மூண்டது. 1997 டிசம்பர் 2இல் உடன்படிக்கை கையெழுத்தாகும்வரை ஓயவில்லை. நேற்றுவரை ஒடுக்கப்பட்டவன் கையிலும் அதிகாரம் வந்தவுடன் எவ்வளவு விரைவாகப் பாடம் மறந்துபோகிறது என்பதை, வங்காளிகளுக்காகக் கண்ணீர் வடிக்கும் நாமும் மனத்திற் கொள்ளல் தகும். கிழக்கு மாகாணத்து முஸ்லிம் சகோதரரும் மலையக மக்களும் எங்களிடம் கேட்கும் கேள்விகள் பல இருக்கின்றன.

பரப்பளவையும் சொல்லிவிடுகிறேன். இலங்கை 65,610 சதுர கிலோமீற்றர். சமஷ்டிக்கு இலக்கணமாக எல்லோரும் சுட்டும் சுவிற்சர்லாந்து 41,285. "தீவு சிறியது" என்போர் அந்த நாட்டுக்குப் போய், இது சமஷ்டிக்குப் போதாது என்று அம்மக்களிடம் ஒருமுறை சொல்லிப்பார்க்கட்டும்.

ஒரு கைதியின் பயணம் மீதமிருக்கிறது. மார்ச் 25 நள்ளிரவுக்குப் பின் கைதான முஜிபுர் ரஹ்மானை மேற்குப் பாகிஸ்தானிற் சிறைவைத்திருந்தார்கள். டிசம்பர் 16இல் டாக்காவிற் பாகிஸ்தான் படை சரணடைந்தது. 1972 ஜனவரி 8இல் பூட்டோ அவரை விடுவித்தார். ராவல்பிண்டியிலிருந்து டாக்காவுக்கு நேர்வழி 2,000 கிலோமீற்றர். பாகிஸ்தான் விமானம் இந்தியாவைக் கடக்க முடியாது. ஆகவே அவரை லண்டனுக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து பிரித்தானிய விமானப்படையின் கொமெற் விமானத்தில் டில்லிக்கு வந்து, ஜனவரி 10இல் டாக்காவில் இறங்கினார். எல்லாவற்றையுங் கூட்டினால் 14,000 கிலோமீற்றருக்குக் குறையாது. அவரை வரவேற்க மைதானத்திற் கூடிய இலட்சக்கணக்கானோரில் எவரும், வழி நீண்டுவிட்டதென்று குறைகூறியதாக நான் படிக்கவில்லை.

மூடிய வானத்தின் வழக்கு அப்போதும் முடியவில்லை. இந்தியாவின் தடைக்கெதிராகப் பாகிஸ்தான் 1971 மார்ச்சில் சர்வதேச குடிசார் வான்பயண அமைப்பின் கவுன்சிலிடம் முறையிட்டிருந்தது. கவுன்சிலுக்கு இதை விசாரிக்கும் நியாயாதிக்கமே இல்லை, 1965 யுத்தத்தின் பின் எங்களிருவருக்கும் இடையே உடன்படிக்கை உயிருடன் இல்லை என்று இந்தியா வாதித்தது. ஜூலை 29இல் கவுன்சில் அவ்வாதத்தை நிராகரிக்க, இந்தியா ஹேக் நகரத்துச் சர்வதேச நீதிமன்றத்துக்கு மேன்முறையீடு செய்தது. இருதரப்பிலும் கற்றறிந்த நியாயவாதிகள் தோன்றினர். 1972 ஆகஸ்ட் 18இல் தீர்ப்பு வந்தது: பதினான்கு நீதிபதிகள் ஒருபுறமும் இருவர் மறுபுறமுமாக, கவுன்சிலுக்கு நியாயாதிக்கம் உண்டு என்று முடிவாயிற்று. கிழக்குப் பாகிஸ்தானுக்குப் பறக்கும் உரிமை பற்றிய முறைப்பாட்டை விசாரிக்கலாம் என்ற தீர்ப்பு வெளிவந்தபோது, கிழக்குப் பாகிஸ்தான் என்றொரு இடம் இல்லாமற் போய் எட்டு மாதங்கள் கழிந்திருந்தன.

1976இல் இரு நாடுகளும் இணங்கி வழக்கைக் கைவிட்டன; வானமும் திறந்தது. 2019இலும் 2025இலும் அது மீண்டும் மூடப்பட்டது. ஆனால் 1976இல் அது திறந்தபோது கராச்சியிலிருந்து டாக்காவுக்கு மறுபடியும் 2,350 கிலோமீற்றர், மூன்று மணித்தியாலத்துக்கு உட்பட்ட பயணமே. விமானத்திலிருந்து இறங்குபவர் கடவுச்சீட்டைக் காட்டவேண்டியிருந்தது.